கரைவெட்டிக்கு ஒரு கோஷ்டி

"பெரம்பலூருக்கு உல்லாசப் பிரயாணம் போகிறேன்" என்று நாலு பேரிடம் சொல்லிப் பாருங்கள். ஊட்டி என்றால் பொறாமைப்படுவார்கள்; குற்றாலம் என்றால் தாங்களும் வருவதாகச் சொல்வார்கள். பெரம்பலூர் என்றால், "ஏன், அங்கே யாருக்காவது கல்யாணமா?" என்று கேட்பார்கள். அரியலூரையும் சேர்த்துச் சொன்னால், "சிமெண்டு வாங்கவா?" என்பார்கள். எனக்கு இந்த இரண்டு கேள்விகளும் கிடைத்தன. மூன்றாவதாக ஒரு பெரியவர், "அரியலூரா! ரயில் கவிழ்ந்ததே, அந்த ஊர்தானே?" என்றார். 1956 நவம்பரில் மருதையாற்றில் வெள்ளம் வந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டு போனதையும், ரயில்வே மந்திரியாயிருந்த லால் பகதூர் சாஸ்திரி அதற்குப் பொறுப்பேற்றுப் பதவியைத் துறந்ததையும் அவர் மறக்கவில்லை.

இரண்டு ஊர்களும் முன்பு திருச்சி ஜில்லாவில் இருந்தவை. 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அரியலூர் அதிலிருந்து 2001-இல் பிரிந்து, மறு வருஷமே சேர்ந்து, 2007-இல் மறுபடியும் பிரிந்தது. கூட்டுக் குடும்பத்து அண்ணன் தம்பி கதைதான். எல்லைக்கோடு எப்படிப் போனாலும், மண்ணுக்கு அடியில் இருக்கிற சமாசாரம் இரண்டுக்கும் ஒன்றே.

நான் புறப்பட்டதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, கரைவெட்டி ஏரி. தை மாதத்தில் இமயமலையைத் தாண்டி வந்த வாத்துக்கள் இறங்கும் இடம் அது. மற்றொன்று, என் பைக்குள் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த ஒரு கல். கல்லின் கதையை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

எங்கள் கோஷ்டியில் இருபத்திரண்டு பேர். திருச்சியில் ஒரு வேன் அமர்த்திக்கொண்டு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம். தலைவர், கல்லூரியில் பூகர்ப்ப சாஸ்திரம் போதித்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரை "வாத்தியார்" என்றுதான் அழைத்தார்கள். உபதலைவர் ஒரு பாங்கு உத்தியோகஸ்தர். வாரம் ஆறு நாள் மற்றவர்களுடைய பணத்தை எண்ணிவிட்டு, ஏழாம் நாள் பறவைகளை எண்ணுகிறவர். இவர்களைத் தவிர இரண்டு குடும்பங்கள், ஐந்து கல்லூரிப் பெண்கள், நாலு கட்டு மிளகாய்ப்பொடி இட்டிலியுடன் ஒரு மாமி, மாமியின் பத்து வயதுப் பேரன்.

புறப்படுவதற்கு முன்னால் வாத்தியார் சில நிபந்தனைகளை விதித்தார். சிவப்பும் வெள்ளையும் உடுத்தக் கூடாது. பச்சை, பழுப்பு, காக்கி உத்தமம். வாசனைத் தைலம் வேண்டாம். வேனில் சினிமாப் பாட்டு கிடையாது. பறவையையோ கல்லையோ பார்க்கலாம், படம் எடுக்கலாம், எடுத்துக்கொண்டு மட்டும் வரக்கூடாது. கடைசி நிபந்தனையைச் சொன்னபோது அவர் என் பையைப் பார்த்தாரா, அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றிற்றா என்று இன்றுவரை தெரியவில்லை. பாட்டு கிடையாது என்றதும் டிரைவர் முகம் தொங்கிவிட்டது. அதன் பலனை மறுநாள் அனுபவித்தோம்.

வெள்ளிக்கிழமையாகத் தேர்ந்தெடுத்தது மாமிக்காக. பெரம்பலூருக்குச் சற்றுத் தெற்கே சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் வாரத்தில் திங்களும் வெள்ளியுந்தான் நடை திறப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பூட்டிய கதவைக் கும்பிட்டுவிட்டு வருகிறவர்கள் அநேகம். மாமி மாவிளக்கு ஏற்றி முடிக்கும் வரையில் பாங்குக்காரர் கோயில் வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து மூன்று விதமான பறவைகளைக் கணக்கில் சேர்த்தார். அவரவர் தரிசனம் அவரவருக்கு!

*

அங்கிருந்து சாத்தனூர். வயல்வெளிகளுக்கு நடுவே வேலி போட்ட ஓர் இடத்தில் ஒரு மரம் விழுந்து கிடக்கிறது. பதினெட்டு மீட்டர் நீளம். தூரத்தில் பார்த்தால், போன மாதத்துக் காற்றில் சாய்ந்ததை யாரும் இன்னும் வெட்டி எடுத்துப் போகவில்லை போலும் என்றுதான் நினைப்பீர்கள். பக்கத்தில் போய்த் தட்டினால், கை வலிக்கும். அத்தனையும் கல்.

இதை 1940-ஆம் வருஷம் கண்டு வெளியுலகுக்குச் சொன்னவர், இந்தியப் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவின் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன். மரத்தின் வயது சுமார் பன்னிரண்டு கோடி ஆண்டுகள். அப்போது பூக்கிற மரங்கள் உலகில் பெருகியிருக்கவில்லை. ஊசியிலை மரங்களின் ராஜ்யம். கடல் இன்றைய கரையிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் உள்ளே ஏறி, இந்தப் பக்கம் வரை வந்து நின்றது. ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த மரம் கடலடிச் சேற்றில் புதைந்தது, காற்றுப்படாததால் மக்கவில்லை. தண்ணீரில் கரைந்திருந்த மணற்சத்து அணு அணுவாக உள்ளே புகுந்து, மரம் போன இடத்தில் கல்லாக உட்கார்ந்துகொண்டது.

இதையெல்லாம் வாத்தியார் விளக்கி முடித்ததும் மாமி கேட்டாள்: "அகலிகை மாதிரின்னு சொல்லுங்கோ. ராமர் பாதம் பட்டா மறுபடியும் துளிர்க்குமோ?"

"மாமி, அகலிகைக்குச் சாபம் கொடுக்க ஒரு நிமிஷம். இதற்குப் பல லட்சம் வருஷம்" என்றார் வாத்தியார்.

சாத்தனூரில் அரை மணி நேரம் போதும். நின்று நிதானித்துப் பார்க்க வேண்டிய இடம் காரை. கொளக்காநத்தத்துக்கு அருகில், புல் பூண்டு அதிகமில்லாத கட்டாந்தரையை மழை அறுத்து அறுத்து ஓடைகளும் மேடுகளுமாகச் செய்திருக்கிறது. ஒரு மேட்டின் மேல் ஏறி நின்றால், சாம்பலும் செம்மண்ணும் கலந்த நிறத்தில் கண்ணுக்கெட்டிய மட்டும் மடிப்பு மடிப்பாகத் தெரியும். நடுநடுவே ஜிப்சம் பாளங்கள் வெயிலில் கண்ணாடித் துண்டுகளைப் போலப் பளபளக்கின்றன. குனிந்து பார்த்தால் துப்பாக்கித் தோட்டா மாதிரி கூர்மையான சிறு கற்கள். கணவாய் மீனுக்குத் தூரத்து உறவான ஒரு கடற்பிராணியின் உடலுக்குள் இருந்த தண்டு அது. அதே வமிசத்தைச் சேர்ந்த இன்னொரு பிராணி, சுருண்ட ஓட்டுக்குள் குடியிருந்தது. அதற்கு அம்மோனைட் என்று பெயர். டைனசோர்கள் மறைந்த அதே சமயத்தில், சுமார் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன், அதுவும் பூண்டோடு அற்றுப்போயிற்று.

என் கைக்குட்டையில் இருந்தது ஓர் அம்மோனைட். பதினைந்து வருஷங்களுக்கு முன் கல்லூரியிலிருந்து சுற்றுலா வந்தபோது, இந்த மேடுகளில் எங்கோ பொறுக்கியது. அன்று எங்கள் பஸ்ஸில் ஒரு பையன் பாக்கியில்லாமல் சட்டைப்பை நிறையக் கல்லோடுதான் திரும்பினான். மற்றவர்களுடையது எங்கே போயிற்றோ, என்னுடையது என் ஆபீஸ் மேஜையில் வாசகர்களின் கடிதங்கள் பறக்காமல் காவல் காத்தது. வெகு நாட்கள் அது எனக்கு வெறும் கனம்தான். பிறகு இந்த மண்ணைப் பற்றி அங்கே இங்கே படிக்கப் படிக்க, அதைப் பார்க்கும்போதெல்லாம் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வாங்கி வந்து திருப்பித் தராதவன் மாதிரி ஓர் உறுத்தல் ஏற்பட்டது. கொண்டு வந்த இடத்திலேயே வைத்துவிடுவது என்று தீர்மானித்து வந்திருந்தேன்.

கைக்குட்டையை அவிழ்த்ததும் முதலில் பார்த்தது மாமி. "சாளக்கிராமம்னா இது!" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வாத்தியார் மறுக்கவில்லை. நேபாளத்தில் கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமங்களும் அம்மோனைட் சுவடு பதிந்த கற்கள்தான், இதைவிடப் பழமையானவை. மாமி என் பக்கம் திரும்பினாள். "ஏண்டாப்பா, இதையா ஆபீஸிலே காகிதத்து மேலே வெச்சிருந்தே?" எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வாத்தியார் கேட்ட கேள்வி இன்னும் மோசம். "எந்த ஓடையில் எடுத்தீர்கள்? எந்த அடுக்கில்?"

"இங்கேதான் எங்கேயோ..."

"அப்படியானால் வைக்காதீர்கள்" என்றார் அவர். "இந்த மண் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த அடுக்கு. அடியில் உள்ளது முந்தியது, மேலே உள்ளது பிந்தியது. எந்த அடுக்கில் எந்த ஓடு கிடைக்கிறது என்பதை வைத்துத்தான் வயதைக் கணக்குப் போடுகிறோம். புத்தகத்தில் கிழித்த தாளை வேறொரு பக்கத்தில் ஒட்டினால் அடுத்தாற்போல் படிக்கிறவன் கதி என்ன? எடுத்தது ஒரு தப்பு. கண்ட இடத்தில் போடுவது அதைவிடப் பெரிய தப்பு."

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மாமியின் பேரன் மெதுவாக நிஜார்ப் பையிலிருந்து ஒரு தோட்டாக் கல்லை எடுத்தான். வந்த பத்து நிமிஷத்துக்குள் பொறுக்கியிருக்கிறான்! "எனக்கு எடுத்த இடம் தெரியும் தாத்தா. அதோ அந்த வெள்ளைக் கோட்டுக்குக் கீழே, முள்செடி பக்கத்துலே" என்று ஓடினான், வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு வந்தான். நான் என் கல்லை மறுபடி கைக்குட்டையில் சுற்றிக்கொண்டேன்.

*

இரவு அரியலூரில் தங்கினோம். சாப்பாட்டுக்குப் பின் பேச்சு டைனசோர் முட்டையில் ஆரம்பித்தது. 2020-ஆம் ஆண்டு குன்னம் பக்கத்தில் ஓர் ஏரியை ஆழப்படுத்தும்போது பெரிய பெரிய உருண்டைக் கற்கள் கிடைத்தன. டைனசோர் முட்டை என்று செய்தி பரவி, ஜனங்கள் திரண்டு போய்க் கைபேசியில் படம் பிடித்தார்கள். விஷயம் தெரிந்தவர்கள் வந்து பார்த்து, முட்டையல்ல, அம்மோனைட்டைச் சுற்றி உருண்ட படிவம் என்று சொன்னதும் உற்சாகம் வடிந்துவிட்டது. முட்டையைவிட அது எந்த விதத்தில் மட்டம் என்று எனக்குப் புரியவில்லை.

உங்கள் வீட்டுச் சுவரிலும் இந்தக் கடல் இருக்கலாம். அரியலூரைச் சுற்றிலும் சுண்ணாம்புக் கல்லை வெட்டிச் சிமெண்டு ஆக்குகிறார்களே, கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுரங்கங்களில் அந்தக் கல் முழுக்க முழுக்கச் சிப்பி. ஏழு கோடி வருஷத்துக்கு முந்தைய சிப்பித் திட்டுகள் லாரியில் ஏறி, சூளையில் வெந்து, மூட்டையில் அடைபட்டு ஊர் ஊராகப் போகின்றன. வேண்டாம் என்று சொல்ல முடியுமா? ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறு போடுகிற தொழில். ஆனால் வெட்டுகிற வேகத்துக்கு ஈடுகொடுத்துப் பார்க்கிறவர்கள், குறித்து வைக்கிறவர்கள் வேண்டும். பழைய காலத்தில் ஒரு சிலர் அதைச் செய்திருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவரைப் பற்றி வாத்தியார் சொன்னார். இந்தப் பாறைகளை முதன்முதலில் ஒழுங்காகப் படம் வரைந்து காட்டியவர் எச். எப். பிளான்போர்டு, பிற்பாடு இந்திய வானிலை இலாகாவுக்கு முதல் தலைவராக ஆனவர். அவர் காலத்தில் சேர்ந்த ஓடுகளையெல்லாம் கல்கத்தாவில் உட்கார்ந்து ஆராய்ந்து, படங்களுடன் பெரிய பெரிய தொகுதிகளாக எழுதியவர் பெர்டினாண்டு ஸ்டோலிச்கா. ஐரோப்பாவில் மொராவியா தேசத்துக்காரர். 1862-இல் இங்கே வேலைக்கு வந்தார். அரியலூர் என்கிற பெயரை உலகத்துப் பூகர்ப்ப சாஸ்திரிகள் உச்சரிப்பதற்கு அந்தத் தொகுதிகள் ஒரு முக்கிய காரணம். மனிதருக்குப் பறவைகள் மீதும் தீராத ஆசை. இமயமலைப் பிரதேசங்களில் அலைந்து பறவைகளைப் பற்றியும் எழுதினார். யார்க்கண்டுக்குப் போன தூதுகோஷ்டியுடன் போய்விட்டு, காரகோரம் கணவாய் வழியாகத் திரும்பும்போது மலையுயரத்து நோய் தாக்கி, 1874 ஜூனில் லடாக்கில் இறந்துபோனார். வயது முப்பத்தாறு. சமாதி லே நகரத்தில் இருக்கிறது.

"காற்று இல்லாமல் அவர் மூச்சுத் திணறிய மலைகளுக்கு மேலே பறந்து வருகிறவர்களைத்தான் காலையில் பார்க்கப் போகிறோம்" என்று சொல்லிவிட்டு வாத்தியார் விளக்கை அணைத்தார்.

*

நாலரை மணிக்கே எழுப்பிவிட்டார்கள். தஞ்சாவூர் சாலையில் கீழப்பழுவூரில் டீக்கடை வாசலில் வேன் நின்றது. பழுவூர் என்றதும் கல்லூரிப் பெண்களுக்குத் தூக்கம் பறந்துவிட்டது. கல்கியின் "பொன்னியின் செல்வன்" படித்தவர்களுக்குப் பழுவேட்டரையர்களை அறிமுகப்படுத்த வேண்டுமா? கதைக்காகக் கற்பித்த பாத்திரங்கள் என்றே பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெயருடைய குறுநில மன்னர்கள் சோழர்களுக்குத் துணையாக இங்கே நிஜமாகவே ஆண்டிருக்கிறார்கள். அவர்கள் காலத்துக் கோயில்கள் கீழப்பழுவூரிலும் மேலப்பழுவூர்ப் பக்கத்திலும் இருக்கின்றன. ஒரு நாள் முழுக்கச் செலவழிக்க வேண்டிய இடம். நாங்கள் இருட்டில் கடந்து போனோம்.

கரைவெட்டி ஏரிக்கரையில் இறங்கியபோது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. ஏரியின் பரப்பு சுமார் 454 ஹெக்டேர். நம் கணக்கில் ஆயிரத்து நூறு ஏக்கருக்கு மேல். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 1971-இல் ஈரான் நாட்டு ராம்சார் நகரத்தில் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, உலகத்தின் முக்கியமான நீர்நிலைகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. 2024 ஜனவரியில் கரைவெட்டியும் அதில் சேர்ந்தது. இதுவரை 198 வகைப் பறவைகளை இங்கே கண்டு குறித்திருக்கிறார்கள்.

ஆனால் கரையில் நிற்கும்போது இந்தக் கணக்கெல்லாம் ஞாபகம் வராது. முதலில் சத்தம். இருட்டுக்குள் ஒரு சந்தை கூடியிருப்பது போல. அப்புறம் மூடுபனி விலக விலக, தண்ணீர் மேல் கறுப்புப் புள்ளிகள். பிறகு புள்ளிகளுக்கு மூக்கும் வாலும் முளைக்கின்றன. இருபத்திரண்டு பேருக்கு மூன்று பைனாகுலர். கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தோம்.

பறவைகளுக்குத் தமிழில் எப்படிப்பட்ட பெயர்கள்! நத்தைகுத்தி நாரைக்கு அலகு நடுவில் இடைவெளி. நத்தையைப் பிடித்து உள்ளே இருப்பதை வெளியே எடுக்க அது வசதி. அரிவாள்மூக்கனைப் பார்த்தபின் அதற்கு வேறு பெயர் வைக்க உங்களால் முடியாது. பாம்புத்தாரா உடம்பைத் தண்ணீருக்குள் மறைத்துக் கழுத்தை மட்டும் வெளியே நீட்டுகிறது, பாம்பேதான். கூழைக்கடா கப்பல் மாதிரி வந்து இறங்கிற்று. மெலிந்து நீண்ட வாலுடன் ஊசிவால் வாத்துக்கள் கும்பலாக மிதந்தன. நெற்றியில் வெள்ளைப் பட்டையோடு நூற்றுக்கணக்கில் நீந்திக்கொண்டிருந்த கறுப்புப் பறவையைக் காட்டி, "இதற்கு நாமக்கோழி என்று பெயர்" என்றார் பாங்குக்காரர்.

"வடகலையா, தென்கலையா?" என்று உடனே கேட்டாள் மாமி.

பாங்குக்காரர் பைனாகுலரைச் சரிசெய்துகொண்டு மறுபடி பார்த்தார். "நாமம் மூக்குவரை இறங்குகிறது. தென்கலைதான்!"

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மேற்கே ஒரு குரல் கேட்டது. மூக்கால் கூப்பிடுவது போன்ற குரல். ஒன்றுக்கு இன்னொன்று பதில் சொல்லியது. வயல்களுக்கு மேலே ஒரு கோடு தெரிந்தது. கோடு வளைந்து, ஆப்பு வடிவமாகி, தலைக்கு மேலே வந்தது. வரித்தலை வாத்துக்கள். வெளிர்ச் சாம்பல் உடம்பு. வெள்ளைத் தலையில் பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டைகள். இரவெல்லாம் அறுப்பு முடிந்த வயல்களில் மேய்ந்துவிட்டுப் பகலில் ஓய்வெடுக்க ஏரிக்கு வருகின்றன.

திபெத்து, மங்கோலியா, லடாக்கின் மேட்டு ஏரிகள் ஆகியவை இவற்றின் பிறந்த வீடு. அங்கே பனி மூடும்போது தெற்கே கிளம்புகின்றன. சின்னஞ்சிறு கருவிகளைப் பறவைகளின்மேல் பொருத்திப் பார்த்தபோது, ஏழாயிரம் மீட்டருக்கும் மேலே பறந்தது தெரிந்தது. அந்த உயரத்தில் நமக்குப் படுத்திருந்தாலே மூச்சு முட்டும். இவற்றின் ரத்தம், கிடைக்கிற கொஞ்சம் பிராணவாயுவையும் இறுகப் பற்றிக்கொள்ளும்படி அமைந்திருக்கிறது. ஸ்டோலிச்காவுக்கு இல்லாத பாக்கியம்.

மெல்ல மெல்ல இறங்கின. பாங்குக்காரர் நூற்று நாற்பது வரை எண்ணியிருப்பார். அப்போதுதான் கரைக்குக் கீழே எங்கள் வேனின் ஹாரன் ஒலித்தது. ஒரு தடவை அல்ல, நீளமாக மூன்று தடவை. இட்டிலிப் பொட்டலத்தைப் பிரிக்கலாமா என்று கேட்கிறார் டிரைவர்!

ஏரி முழுதும் எழுந்தது. வேறு விதமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வாத்துக்கள், நாரைகள், நாமக்கோழிகள், எல்லாம். இறக்கைச் சத்தத்தில் பக்கத்தில் இருந்தவர் பேச்சுக் கேட்கவில்லை. கல்லூரிப் பெண்களில் ஒருத்தி, "ஆஹா, என்ன அழகு!" என்று கைபேசியைத் தூக்கினாள். வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கோபித்துக்கொண்டிருந்தால் எங்களுக்குச் சற்று நிம்மதியாக இருந்திருக்கும்.

வாத்துக்கள் மூன்று வட்டம் அடித்துவிட்டு, பைனாகுலருக்கும் எட்டாத எதிர்க்கோடியில் போய் இறங்கின. முக்கால் மணி நேரம் அசையாமல் காத்திருந்தோம். திரும்பவில்லை.

கரைமேல் மண்வெட்டியோடு வந்த ஒரு பெரியவர், "நின்னு பிரயோசனமில்லே தம்பி. வெயில் ஏறிப்போச்சு. இனி சாயந்திரந்தான்" என்றார். ஏரிப் பாசனத்தில் அவருக்கு நிலம் இருக்கிறதாம்.

"வாத்து உங்கள் நெல்லை மேய்வதில்லையா, ஐயா?" என்று கேட்டேன்.

"மேயத்தான் மேயும். எம்மாந்தூரத்திலேருந்து வருதுங்க, பட்டினியாவா போகும்?" என்று சிரித்தார். "அதை வெச்சுத்தான் எங்களுக்கே தெம்பு. தண்ணி இருந்தாத்தானே அதுங்க வரும்? புள்ளம்பாடி வாய்க்கால்லே தண்ணி நேரத்துக்கு வந்துச்சுன்னா நாங்களும் நடுவோம், அதுங்களும் வரும். வராத வருசம் இந்த ஏரிக்குள்ளே மாடு மேயும். அப்ப நீங்களும் வரமாட்டீங்க."

மேட்டூரில் திறக்கிற காவிரித் தண்ணீர்தான் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக இங்கே வந்து சேர்கிறது. செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஏரியில் தண்ணீர் இருக்கும். நெல், கரும்பு, பருத்தி, சோளம், துவரை எல்லாவற்றுக்கும் ஆதாரம் அதுவே. பறவைக்காக வெட்டிய ஏரியல்ல. பயிருக்காக வெட்டிய ஏரியில் பறவை குடிக்கூலி இல்லாமல் இருக்கிறது. இல்லை, கூலி கொடுப்பதாகவும் சொல்லலாம். வேடந்தாங்கல் விவசாயிகள், எச்சம் கலந்த தண்ணீர் பயிருக்கு உரம் என்று கண்டு, வேட்டைக்கு வந்த துரைமார்களைத் தடுக்கக் கோரி, 1798-லேயே செங்கற்பட்டுக் கலெக்டரிடம் உத்தரவு வாங்கிவிட்டார்கள். சரணாலயம் என்கிற வார்த்தை வருவதற்கு வெகு காலம் முன்பு.

இட்டிலி சாப்பிடும்போது டிரைவர் தனியாக உட்கார்ந்திருந்தார். மாமிதான் கூப்பிட்டு இலை போட்டாள். "அதுக்கென்னப்பா பண்றது? நாளைக்கு இன்னொரு கோஷ்டியைக் கூட்டிண்டு வருவியே, அப்ப நீயே அவாளுக்குச் சொல்லு" என்றாள். அவர் இரண்டு இட்டிலி கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நீங்கள் போவதாயிருந்தால், மார்கழி, தை இரண்டும் நல்ல மாதங்கள். மாசி பிறந்தால் வாத்துக்கள் வடக்கே திரும்ப ஆயத்தமாகிவிடும். சூரியோதயத்துக்கு முன்பே கரையில் இருக்க வேண்டும். வண்டியைத் தொலைவில் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். அந்த வருஷம் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஜனவரியிலும், ஆசியா முழுவதும் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு உண்டு. 1987-இல் ஆரம்பித்த ஏற்பாடு. அப்படி எண்ணுகிற கோஷ்டி ஏதாவதுடன் ஒட்டிக்கொண்டு போனால் பாதி தப்புகளைச் செய்யாமல் தப்பிக்கலாம்.

*

பிற்பகல் கங்கைகொண்ட சோழபுரம். கோயிலைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பத்திரிகை போதாது. ராஜேந்திர சோழன் 1025-ஐ ஒட்டி இங்கே தலைநகரை மாற்றியதும், கங்கை நீரைக் கொண்டுவந்து ஏரியில் சேர்த்து அதற்குச் சோழகங்கம் என்று பெயர் வைத்ததும் உங்களுக்குத் தெரியும். அதை நீராலான ஜயஸ்தம்பம் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு வர்ணிக்கிறது. ஜயித்த ராஜாக்கள் கல்லில் தூண் நிறுத்துவார்கள். இவன் தண்ணீரில் நிறுத்தினான். இன்று பொன்னேரி என்று பெயர்.

வெளி மதில் இருந்த இடத்தில் நின்று வாத்தியார் ஒரு விஷயம் சொன்னார். 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, இந்த மதிலைப் பிரித்துத்தான் கல் எடுத்துப் போனார்கள். அந்த அணையினால் எத்தனையோ ஆயிரம் ஏக்கர் விளைந்தது, இன்னும் விளைகிறது. "ஆனால் எந்தக் கல் எந்த இடத்தில் இருந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை" என்றார்.

திரும்பும் வழியில் வேனில் நான் கைக்குட்டையை அவரிடமே கொடுத்துவிட்டேன். பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கல்லைப் பற்றிச் சொல்கிற வழக்கம் அவருக்கு உண்டு. அங்கே காட்டுவதற்கு ஆகும். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து, வேனின் குலுக்கலில் கோணல்மாணலாக எழுதினார்: "அம்மோனைட். காரைப் பக்கம். எடுத்த இடம் தெரியாது."

காகிதத்தைக் கல்லோடு சேர்த்து மடிக்கப் போனபோது மாமி குறுக்கே கையை நீட்டினாள். காலையில் வாங்கிய துளசியில் ஓர் இதழ் மிச்சம் இருந்ததாம். அதை மேலே வைத்தபின்தான் மடிக்க விட்டாள்.

இப்போது என் மேஜையில் வாசகர் கடிதங்கள் பறக்கின்றன. தற்சமயம் ஒரு பித்தளை டம்ளரைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.